ஆமை விளக்கு அணையவில்லை: ராமநாதபுரம் கரையோரக் கார்க்காரர்கள் இங்கே வரவும்

கீழக்கரையிலிருந்து, 11.05.2025, இரவு 9.40

காக்காமார்களே, அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். 2016 பெட்ரோல் கார், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு வாரமாக இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருக்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, மைலேஜ் மட்டும் கொஞ்சம் இறங்கின மாதிரி. பட்டறையில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினார்கள், அணைந்தது. மூன்றாம் நாள் ராமநாதபுரம் போய்வரும்போது திரும்ப வந்துவிட்டது. "சென்சார் போயிருக்கும், மாத்திருவோம்" என்கிறார்கள். எந்தச் சென்சார் என்று கேட்டால் பதில் இல்லை. மச்சான் ஒருவர் கறுப்பு டேப் ஒட்டிவிடு என்கிறார். எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்பது என் முடிவு. சரிதானா?

பாம்பன்காரன், 11.05.2025, இரவு 11.15

டேப் ஒட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எத்தனால்தான் என்று நானும் போன வருடம் அடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 4,200 ரூபாய் செலவழித்த பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. அந்தக் கதையை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

முதலில் கோடு, அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கிற கோளாறு எண், என்ன என்று பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் 16 ஊசித் துளை உள்ள சாக்கெட் ஒன்று இருக்கும். 2010-க்குப் பிறகு வந்த எல்லாக் காரிலும் உண்டு. அதில் செருகுகிற புளூடூத் கருவி, இஎல்எம் 327 என்று கேட்டால் ஆன்லைனில் கிடைக்கும். நான் வாங்கியது 650 ரூபாய். போனில் இலவசச் செயலி போதும். பி என்று தொடங்கி நான்கு எண் வரும். அதை இங்கே எழுதுங்கள். கோடு தெரியாமல் சென்சார் மாற்றுவது, காய்ச்சல் என்று வந்தவனுக்குப் பல்லைப் பிடுங்குகிற வேலை.

எங்கள் வீட்டில் அந்த விளக்குக்குப் பேர் ஆமை. சின்ன மகள் வைத்த பெயர். படத்தை உற்றுப் பாருங்கள், ஓட்டை விட்டுத் தலையை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும்.

பாம்பன்காரன், 12.05.2025, காலை 6.30

ராத்திரி எழுத மறந்தது, இதுதான் முக்கியம். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குள் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிகிறது என்று அர்த்தம். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சூடு தாங்காமல் அது உருகினால் சென்சார் விலையை எல்லாம் மறந்துவிடலாம். ஓரம் கட்டி நிறுத்திவிட்டு யாரையாவது கூப்பிடுங்கள்.

பாம்பன்காரன், 12.05.2025, மாலை 7.50

இரண்டு திருத்தம்.

ஒன்று, 2010 என்று எழுதியது தப்பு. திருப்புல்லாணி அண்ணன் ஒருவர் தனியாகச் சொன்னார். ஏப்ரல் 2010-ல் நம் நாட்டில் வந்தது ஓபிடி, அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டு சொல்கிற ஏற்பாட்டின், முதல் கட்டம். சைலன்சர் பக்கத்துக் கன்வெர்ட்டர், மிஸ்ஸிங், புகையில் இருக்கிற ஆக்சிஜனைப் பார்க்கிற ஆக்சிஜன் சென்சார் எல்லாவற்றையும் கண்காணிக்கிற இரண்டாம் கட்டம் ஏப்ரல் 2013-ல்தான் கட்டாயமானது. 2011, 2012 வண்டிக்காரர்கள் கருவியை வாங்கிவிட்டு அது பேசவில்லை என்றால் என்னைத் திட்ட வேண்டாம். சாக்கெட் இருக்கும், உள்ளே விஷயம் குறைவாக இருக்கும். கீழக்கரைத் தம்பிக்கு 2016 என்பதால் கவலை இல்லை.

இரண்டு, பேட்டரியைக் கழற்றினால் ஒன்றும் நஷ்டமில்லை என்று கீழே ஒருவருக்குப் பதில் போட்டிருந்தேன். நஷ்டம் உண்டு. கோடு விழுந்த நொடியில் வேகம், இன்ஜின் சூடு, ஆர்பிஎம் என்னவாக இருந்தன என்று கம்ப்யூட்டர் ஒரு போட்டோ பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று செயலியில் வரும். டெர்மினலைக் கழற்றினால் அந்தப் போட்டோவும் போச்சு, இத்தனை நாள் அது பழகி வைத்திருந்த பெட்ரோல் அளவுக் கணக்கும் போச்சு. அதனால்தான் அதற்குப் பிறகு ஒரு நாள் வண்டி சிக்னலில் நடுங்கும்.

மூன்று நாளில் விளக்கு திரும்பியதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகளை ஒரே தடவை பார்த்ததும் கம்ப்யூட்டர் விளக்கைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் போடும். அதேபோல் கோளாறு நின்றுவிட்டால் தொடர்ந்து மூன்று ஓட்டம் பார்த்துவிட்டுத் தானே அணைக்கும். கோடு மட்டும் உள்ளே கிடக்கும், சுமார் 40 தடவை இன்ஜின் சூடேறி ஆறிய பிறகுதான் அழியும். ஆக, விளக்கு அணைந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று பட்டறையில் சொல்லிப் பணம் வாங்கினால் ஒரு வாரம் பொறுங்கள்.

பாம்பன்காரன், 14.05.2025, இரவு 10.20

சரி, என் கதை.

வீடு பாம்பன் தெற்குவாடிப் பக்கம். வேலை ராமநாதபுரத்தில். தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். வண்டி 2015 பெட்ரோல், இரண்டாம் கையாக வாங்கியது. நிறுத்துகிற இடத்துக்குக் கூரை கிடையாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் காலையில் கண்ணாடியைத் துணியால் துடைக்க முடியாது, தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

போன வருடம் ஜூன் கடைசியில் ஆமை வந்தது. கோடு பி0135. முன் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் கோளாறு என்று செயலி சொன்னது. நான் அதைப் படித்த விதம்: "ஆக்சிஜன் சென்சார் கோளாறு." நடுவில் இருந்த ஹீட்டரும் சர்க்யூட்டும் என் கண்ணில் படவே இல்லை. நேராகப் பட்டறைக்குப் போய் "சென்சார் மாத்துங்கண்ணே" என்றேன். அவரும் மாற்றினார். கூலியோடு 4,200. விளக்கு அணைந்தது. வீட்டில் பெருமையாகச் சொன்னேன், ஆமை கடலுக்குப் போய்விட்டது என்று.

ஒன்பதாம் நாள் காலை வெளியே எடுக்கிறேன், ஆமை கரையேறிவிட்டது. அதே பி0135.

பட்டறை அண்ணன் புதுச் சென்சாரே கோளாறாக இருக்கும் என்றார். கடைக்காரர் மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். நான் நடுவில். அன்று ராத்திரி ஆத்திரத்தில் செயலியை நோண்டும்போதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம் கண்ணில் பட்டது. வேகம் 0. இன்ஜின் சூடு 30 டிகிரி. அதாவது காலையில் சாவி போட்ட உடனேயே விழுந்த கோடு. யோசித்துப் பார்த்தால் ஜூனில் முதலில் வந்ததும் காலையில்தான். மத்தியானம் ராமநாதபுரத்தில் வெயிலில் நின்று கிளம்பும்போது ஒரு தடவையும் வந்ததில்லை. ராத்திரி ஈரத்தில் நின்று எழுந்தால் மட்டும்தான் வருகிறது.

மீதி நாளை. கரண்ட் போகிறது.

பாம்பன்காரன், 15.05.2025, மதியம் 1.10

சைலன்சரில் உட்கார்ந்திருக்கிற சென்சாருக்கு எதற்கு ஹீட்டர், அதுதான் கொதிக்கிறதே என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி. அந்தச் சென்சாருக்குள் இருக்கிற ஜிர்கோனியா 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். புகைச் சூட்டில் அது சூடேற நேரம் பிடிக்கும். அதுவரை இன்ஜின் குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் ஹீட்டர். சென்சாரின் நான்கு ஒயரில் இரண்டு ஹீட்டருக்கு, இரண்டு சிக்னலுக்கு. பெரும்பாலும் ஹீட்டர் ஒயர் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம்.

பாம்பன்காரன், 17.05.2025, இரவு 9.00

மூன்று நாள் கழித்து மீதிக் கதை. மன்னிக்கவும் எல்லாம் இல்லை, வேலை.

எங்கள் சித்தப்பா விசைப்படகுக்கு ஒயரிங் பார்க்கிறவர். கார் பக்கமே வரமாட்டார். "நம்ம இன்ஜினுக்கு லைட்டா எரியுது? சத்தம் மாறுனாத் தெரியாதா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். சென்சார் ஒயரை இணைக்கிற கப்ளரைக் கழற்றி ஹீட்டர் ஒயரில் வைத்துப் பார்த்தால் 12.3 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறது, சென்சார் புதுசு, அப்புறம் என்னதான் கோளாறு என்று புலம்பினேன்.

சித்தப்பா வந்து பார்த்தார். "மீட்டரத் தூக்கி ஓரமா வைப்பா. ஒரு பல்பக் கொண்டா."

பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 21 வாட், இரண்டு ஒயர் பற்றவைத்தது. படகில் அவர் பாவிக்கிற டெஸ்ட் லாம்ப் அதுதான். அதை அதே ஒயரில் வைத்தார். எரியவேண்டிய பல்பு சிகரெட் நுனி மாதிரிச் சிவந்து நின்றது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரையும் வைத்துப் பார்த்தேன், 4 வோல்ட்டுக்கும் கீழே.

விஷயம் இதுதான். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. ஒரு நூலிழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 காட்டிவிடும். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் கேட்கும், சென்சார் ஹீட்டரும் ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும். கேட்கும்போதுதான் வழியில் எங்கே அடைப்பு என்று தெரிகிறது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனோம். பானெட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் பெட்டி. மூடியில் ஒரு கிளிப் உடைந்திருந்தது, எந்தக் காலத்தில் உடைந்ததோ. ஹீட்டருக்குப் போகிற 15 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கினார். மேலே பார்த்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, உள்ளே கம்பி முழுசாகத் தெரிகிறது. திருப்பிக் காட்டினார். ஒரு காலில் வெள்ளையாக உப்புப் பூத்து, அதற்கு அடியில் பச்சைக் களிம்பு. கோயில் குத்துவிளக்கைப் புளி போடாமல் ஒரு வருடம் விட்ட மாதிரி. குழிக்குள் டார்ச் அடித்தால் அங்கேயும் அதே பச்சை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளை மெலிசாகக் கிழித்து மடித்து உள்ளே விட்டுத் தேய்த்தார். உப்பு செய்ததை உப்புத்தாள் எடுத்தது என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்தோம், காய விட்டோம், புது ஃபியூஸ், அதன் காலில் விரல் நுனியால் கொஞ்சம் வாசலின். மொத்தச் செலவு ஃபியூஸ் 10 ரூபாய். திரும்பப் பல்பை வைத்தால் கண் கூசுகிறது.

அன்று அணைத்த ஆமை இந்த மே வரை வரவில்லை.

அப்படியானால் புதுச் சென்சார் மாட்டியதும் ஒன்பது நாள் ஏன் வரவில்லை? இது என்னை ரொம்ப நாள் குடைந்தது. இப்போது என் கணிப்பு: அந்தப் பட்டறை அண்ணன் வேலைக்கு நடுவே ஃபியூஸை ஒரு தடவை பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகியிருக்கிறார். செருகும்போது களிம்பு கொஞ்சம் உரசி விலகியிருக்கும். ஒன்பது ராத்திரி உப்புக்காற்றில் பழையபடி மூடிக்கொண்டது.

பாம்பன்காரன், 18.05.2025, காலை 8.15

ஐயோ. ராத்திரி வாசலின் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எல்லாக் கப்ளரிலும் பூசப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள்.

வாசலின் இன்ஜின் சூட்டில் உருகி ஓடும். ஃபியூஸ் பெட்டி, பேட்டரி டெர்மினல், ஹெட்லைட் எர்த் மாதிரி சூடு குறைந்த இடத்துக்குச் சரி. சூடான இடத்துக்கு டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று தனியாகச் சின்ன டியூபில் விற்கிறார்கள்.

ஆனால் ஆக்சிஜன் சென்சாரின் கப்ளரில் அதையும் பூசக் கூடாது. பல சென்சார்கள் ஒயருக்குள் இருக்கிற சந்து வழியாகத்தான் வெளிக்காற்றை இழுக்கும். உள்ளே புகையில் இருக்கிற ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொல்லும். அங்கே கிரீஸ், டபிள்யூடி-40, கிளீனர் எது போனாலும் ஒப்பிடக் காற்று இல்லாமல் உளறும். சிலிகான் பேஸ்ட் புகையும் அதற்கு விஷம். அந்தக் கப்ளரை உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுவதோடு சரி.

பாம்பன்காரன், 19.05.2025, இரவு 10.45

பேச்சு பாலத்துப் பக்கம் போய்விட்டது. பழைய ரயில் பாலம் 1914-லிருந்து நின்றதே, கார் பத்து வருடம் நிற்காதா என்று தொண்டி அண்ணன் கேட்கிறார். அண்ணே, அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. என் காருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? போன மாதம் 6-ம் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற தனி வகைப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். உப்பைப் பற்றித் தெரியாமலா செய்தார்கள்? காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உலோகம் எப்படிக் கெட்டுப்போகும் என்று பார்க்க நாட்டிலேயே தோதான இடம் நம்ம ஊர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கார் விற்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

கடல் உப்பில் சமையல் உப்பு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துகொள்ளும். அதனால் மழையே இல்லாத ஜூனிலும் நம் ஒயர்கள் ராத்திரி முழுக்க நனைந்துதான் கிடக்கின்றன. வடகடல், தென்கடல் இரண்டும் இரண்டு கைதட்டல் தூரத்தில் இருக்கிற பாம்பனில் எந்தப் பக்கம் பானெட்டைத் திருப்பி நிறுத்துவது என்பது பெரிய பிரச்சினை. கச்சான் மாதங்களில் நான் வண்டியின் முகத்தை வடக்கே வைக்கிறேன்.

பாலப் பேச்சு போதும்.

பாம்பன்காரன், 24.05.2025, இரவு 8.30

கீழக்கரைத் தம்பி கருவி வாங்கிவிட்டார். கோடு பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிற கோடு. கூடவே படமெடுத்துப் போட்டிருக்கிறார்: ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் பிளஸ் 23 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 9. எவ்வளவு நல்ல பிள்ளை. பாதி வேலை முடிந்தது.

ட்ரிம் என்பது சாம்பாரில் உப்புப் போதாமல் கடைசியில் தூவுகிற கணக்கு. கம்பெனி எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் கூடுதலாக ஊற்றவேண்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. கூடவோ குறையவோ பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. என் காரில் 20-ஐத் தாண்டித் தங்கினால் ஆமை வரும்.

இப்போது எத்தனால். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று, எத்தனாலுக்கு 9 கிலோதான். 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5. ஆகவே பழைய காரின் ட்ரிம் எட்டு, ஒன்பது சதவீதம் ஏறி நிற்பது இயல்பு. தம்பியின் 2,500 ஆர்பிஎம் கணக்கு 9 தான், பாருங்கள். அவர் எத்தனாலைச் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் பெட்ரோல் குற்றவாளி என்றால் ஐடிலிலும் ஓட்டத்திலும் ஒரே மாதிரி ஏறியிருக்கும். ஐடிலில் மட்டும் 23-க்குப் போனது வேறு கை. பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர் என்றால் நேர்மாறாக, மிதிக்க மிதிக்க ஏறும்.

ஐடிலில் கூடி, மிதித்தால் குறைகிறது என்றால் எங்கோ திருட்டுக் காற்று போகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே உறிஞ்சல் அதிகம், சின்னக் கீறல் வழியாகப் போகிற காற்றும் பெரிய பங்கு. மிதித்ததும் முறையான காற்று வெள்ளமாக வருவதால் திருட்டுக் காற்று எடுபடாது. இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் பக்கத்து ரப்பர் ஓஸ் ஒன்று வெடித்திருக்கும். நூற்றுக்கு நூறு. பிரேக் பூஸ்டர் ஓஸ், இன்ஜினுக்குள் சேர்கிற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகிற பிசிவி ஓஸ் இரண்டையும் முதலில் வளைத்துப் பாருங்கள். கார்ப் கிளீனர் அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்க்கிற வழியை இணையத்தில் காட்டுவார்கள். சூடான இன்ஜினில் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

பாம்பன்காரன், 25.05.2025, மாலை 6.00

சாயல்குடி அண்ணனுக்கு: வாட்டர் வாஷ் முடிந்து எடுத்ததும் வண்டி நடுங்கி விளக்கு மின்னுகிறது என்றால் ஜோசியம் வேண்டாம். பானெட்டுக்குள் பிரஷர் பம்ப் அடித்திருக்கிறார்கள். பிளக் குழிக்குள் தண்ணீர். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே போகும். இன்ஜினை ஆறவிட்டு அந்தக் காயிலைத் தூக்குங்கள், பிளக்கைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரைத் துணியால் உறிஞ்சி எடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் போகும். இன்ஜினுக்கு முகம் கழுவிவிடச் சொல்லி நாம் கேட்பதே இல்லை, பையன்கள் ஆசையாகச் செய்கிறார்கள்.

பாம்பன்காரன், 02.06.2025, இரவு 9.50

நூற்றுக்கு நூறு என்று எழுதினேன் அல்லவா. தம்பி இரண்டு ஓஸையும் மாற்றிவிட்டார். 740 ரூபாய். ட்ரிம் அப்படியே 22.

அவர் ஒன்றும் சொல்லவில்லை, "மாத்தியாச்சு காக்கா, அதே மாதிரிதான் இருக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எனக்குத்தான் சங்கடம். போன வருடம் நான் பட்டறை அண்ணனைத் திட்டிய அதே வேலையை இப்போது நானே கீழக்கரையில் இன்னொருவர் பணத்தில் செய்திருக்கிறேன்.

யோசிக்கிறேன். சென்சார் பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். அந்த ஆக்சிஜன் இன்டேக் வழியாகத்தான் வரவேண்டும் என்று என்ன இருக்கிறது? சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் வரும். புகை விட்டு விட்டுத் துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்றை உறிஞ்சும். இதுவும் ஐடிலில்தான் கூடுதலாகத் தெரியும். இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாகவே எரிகிறது, கம்ப்யூட்டர் ஏமாந்து கூட ஊற்றுகிறது. மைலேஜ் இறங்கியதும் இதோடு பொருந்துகிறது.

தம்பி, நாளை விடியற்காலை வண்டியைத் தொடும் முன் இன்னொருவரை சாவி போடச் சொல்லி, நீங்கள் பானெட் பக்கம் காதை வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரிச் சத்தம் வந்து, சூடேறியதும் நிற்கிறதா என்று சொல்லுங்கள். இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

பாம்பன்காரன், 08.06.2025, மதியம் 2.30

கிடைத்துவிட்டது. டிக் டிக் சத்தம் இருந்திருக்கிறது. ஏசி கம்ப்ரசர் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டாராம். நேற்று நான் கீழக்கரைக்கே போனேன். தம்பி வீட்டில் நோன்புக்கஞ்சி மாதிரியே ஒரு கஞ்சி கொடுத்தார்கள், நேற்று ஹஜ்ஜுப் பெருநாள், அப்புறம் பிரியாணி. கார் பார்க்கப் போனவன் மூன்று மணி நேரம் சாப்பிட்டேன்.

வெப்பத் தடுப்புத் தகட்டின் நான்கு போல்ட்டில் இரண்டு துருவில் உருண்டுவிட்டன, மூன்றாவது ஒடிந்தது. தகட்டை ஒதுக்கிப் பார்த்தால் இன்ஜின் புகையைத் திரட்டுகிற மேனிஃபோல்டும் சைலன்சர் குழாயும் சேருகிற இடத்தில், காஸ்கெட் ஓரமாக, விரல் நீளத்துக்குக் கறுப்பாகக் கரிக்கோடு. புகை கசிந்த தடம். அதற்கு ஒரு சாண் கீழேதான் சென்சார். காஸ்கெட்டைப் பிடித்திருந்த ஸ்பிரிங் போல்ட் துருவில் மெலிந்து பாதியாகியிருந்தது.

இன்று காலை காஸ்கெட், இரண்டு ஸ்பிரிங் போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,150. பட்டறையில் "சென்சாரும் போட்ருவமா?" என்று கடைசி வரை கேட்டிருக்கிறார்கள்.

திருட்டுக் காற்று என்ற வரை நான் சொன்னது சரி. எந்த இடத்தில் என்பதில் தப்பு. ஓஸ் காசு 740-ஐ நான் தருவதாகச் சொன்னேன், வாங்க மறுத்துவிட்டார்.

பாம்பன்காரன், 09.06.2025, இரவு 11.00

உச்சிப்புளியில் இரண்டாம் கை கார் பார்க்கப் போகிற தங்கைக்கு: இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எல்லா விளக்கும் ஒரு தடவை எரிய வேண்டும், ஆமையும் சேர்த்து. மற்றது எல்லாம் எரிந்து ஆமை மட்டும் எரியவில்லை என்றால் யாரோ அதன் கழுத்தைத் திருகியிருக்கிறார்கள்.

எரிந்து அணைந்தாலும் கருவியைச் செருகி ரெடினஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் சற்று முன்புதான் கோட்டை அழித்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பக்கங்களில் பெட்ரோல் மூடியை இறுக்கு, விளக்கு அணையும் என்று எழுதியிருப்பார்கள். என் காரில் அந்த ஆவிக் கசிவுச் சோதனையே இல்லை, அதே பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் மூடியை இறுக்கி இறுக்கி உடைத்ததுதான் மிச்சம்.

பாம்பன்காரன், 27.07.2025, இரவு 8.10

சொந்தக்காரர்களை அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போனேன். வழியிலேயே ஆமை. வண்டி நிறைய ஆட்கள், எல்லோருக்கும் என் ஃபியூஸ் கதை ஏற்கெனவே மனப்பாடம். "என்ன மாப்ள, பத்து ரூபா ஃபியூஸா?" என்று மச்சான் ஆரம்பித்துவிட்டார்.

நிறுத்திக் கருவியைச் செருகினேன். பி0113. உள்ளே வருகிற காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. தனுஷ்கோடியில், ஜூலை மாதம், மத்தியானம் ஒரு மணிக்கு. தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

மைனஸ் 40 என்றால் அந்தச் சென்சார் வரை கம்பியே போகவில்லை, சர்க்யூட் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். களிம்பு, உப்பு, அரிப்பு என்று மச்சானுக்கு ஒரு பாடம் நடத்திக்கொண்டே பானெட்டைத் திறந்தேன். போன வாரம் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தவன் நான்தான். கப்ளரைத் திரும்ப அழுத்தி மாட்ட மறந்திருக்கிறேன். அது பாதி செருகியபடி இத்தனை நாள் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்து, ரோட்டுக் குலுக்கலில் கழன்றுவிட்டது. டிக் என்று மாட்டினேன். 41 டிகிரி.

மச்சான் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

பாம்பன்காரன், 10.08.2025, காலை 7.20

கீழக்கரைத் தம்பியின் ட்ரிம் இரண்டு மாதமாகப் பிளஸ் 8-லேயே நிற்கிறது, விளக்கு இல்லை. மைலேஜ் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஏறியிருக்கிறதாம்.

அலமாரியைச் சுத்தம் செய்யும்போது போன வருடம் நான் கழற்றிப் போட்ட பழைய ஆக்சிஜன் சென்சார் கிடைத்தது. சும்மா இருக்க முடியாமல் ஹீட்டர் ஒயரில் மீட்டர் வைத்தேன். 6.2 ஓம். புதுச் சென்சார் அட்டையோடு வந்த தாளில் போட்டிருக்கிற அளவுக்குள்தான் இருக்கிறது. பல்புக்குப் பதில் அதையே பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், அரை நிமிடத்தில் முனை தொட முடியாத சூடு.

2015 பெட்ரோல், நான்கு ஒயர், வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று. அதே மாடல் வைத்திருக்கிற யாருக்காவது கோடு பார்த்து, பல்பும் வைத்துப் பார்த்த பிறகும் சென்சார்தான் வேண்டும் என்றால் எழுதுங்கள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம்.